கீபோர்டில் உடுக்கைக்கு ஒரு பொத்தான் இருக்கும்போது ஒலி வடிவமைப்பில் படிக்க என்ன இருக்கிறது?

கோபிசெட்டிபாளையம் வாசகர் ஒருவரின் கேள்வி, 14 ஜூலை 2024

நெடுங்காலமாக மைக் செட் தொழில் செய்து வருகிறேன். திருவிழாக் கச்சேரிக்கு வரும் கீபோர்டில் உடுக்கைக்கு ஒரு பொத்தான், பம்பைக்கு ஒன்று, உருமிக்கு ஒன்று என்று எல்லாம் இருக்கின்றன. அழுத்தினால் உடுக்கை கேட்கிறது. என் பேத்தி கோவையில் மின்னணு இசையும் ஒலி வடிவமைப்பும் படிக்கப் போவதாகச் சொல்கிறாள். பொத்தானை அழுத்துவதற்கு எதற்குப் படிப்பு? ஒரு வாரத்தில் அங்கே என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதை, படிப்பவர்கள் யாராவது எழுதினால் எனக்கு முடிவெடுக்க உதவும்.

15 ஜூலை, திங்கள் இரவு

ஐயா, நான் அந்தப் பாடத்தைத்தான் கோவையில் படிக்கிறேன். வீடு சோமனூர்ப் பக்கம். இந்த வாரம் எங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பயிற்சி, எந்த ஒலிப்பதிவையும் பயன்படுத்தாமல் ஒரு கருவியின் ஒலியைக் கணினியில் அடியிலிருந்து கட்டி எழுப்புவது. என்ன கருவி என்பதை நாங்களே தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். உங்கள் கேள்வியைப் படித்த பிறகு உடுக்கையையே எடுத்துக்கொண்டேன். வாரம் முழுவதும் நடப்பதை இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பொத்தானைப் பற்றி. அதை அழுத்தும்போது கேட்பது, யாரோ ஒரு கலைஞர் எங்கோ ஓர் அறையில் ஒருமுறை அடித்த அடியின் பதிவு. அது பொய்யான ஒலி அன்று. ஆனால் அந்த ஓர் அடி மட்டும்தான் அதற்குள் இருக்கிறது. நூறு முறை அழுத்தினால் அதே அடி நூறு முறை வரும். அடிக்கும் கைக்கும் கேட்கும் ஒலிக்கும் இடையே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் அந்த ஓர் அடிக்கு வெளியே போக முடியும். நாங்கள் படிப்பது அந்த இடைவெளியைத்தான்.

இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. மில்லர் பக்கெட் என்பவர் 1990களில் உருவாக்கிய பியூர் டேட்டா என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதைத் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம்தான் இருக்கும். ஆசிலேட்டர் (அலையை உண்டாக்குவது), ஃபில்டர் (ஒலியின் ஒரு பகுதியை மட்டும் விடுவது), என்வலப் (காலப்போக்கில் ஏற்ற இறக்கத்தை வகுப்பது) என்று ஒவ்வொன்றையும் பெட்டியாக வைத்து, கோடு இழுத்து இணைக்க வேண்டும். பொத்தான் என்ற ஒன்றே அங்கே இல்லை என்பதால், கற்றுக்கொள்பவருக்கு அதைவிட நல்ல இடத்தை என்னால் சொல்ல முடியாது.

16 ஜூலை, செவ்வாய்

இன்று உடுக்கையைத் தொடவே இல்லை. கோயில் மணியைத்தான் கேட்டோம்.

பிரெஞ்சு வானொலிப் பொறியாளர் பியேர் ஷேஃபர் 1948ஆம் ஆண்டு பாரிஸ் வானொலியில் ஒரு சோதனை செய்தார். மணியோசையை இசைத்தட்டில் பதியும்போது, மணி அடிபட்ட கணம் கடந்த பிறகே பதிவின் ஒலியளவைத் திறந்தார். அடிபட்ட கணம் இல்லாத அந்த ஒலி மணியைப் போல இல்லாமல் ஊதுகருவியைப் போலக் கேட்டது. வகுப்பில் அதையே செய்து பார்க்கச் சொன்னார்கள். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மணியைப் பூசாரியிடம் அனுமதி கேட்டு 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து) பதிந்து வைத்திருந்தேன். தொடக்கத்தை வெட்டிவிட்டு, மீதியை வகுப்பு நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினேன். ஒருவர் கிளாரினெட் என்றார். மற்றொருவர் ஏதோ ஹார்மோனியம் என்றார். மணி என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது, வெட்டப்பட்ட அந்தச் சிறு பகுதி தவிர மணியின் முழு ரீங்காரத்தையும்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: வெட்டிய இடத்தில் ஒலி மெல்ல ஏறும்படி சில மில்லிநொடிகள் விட வேண்டும். அப்படி விடாவிட்டால் அங்கே ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். காது அதையே புதிய அடியாக எடுத்துக்கொள்ளும், சோதனை பயன்படாமல் போகும்.

ஐயாவின் கேள்விக்கு இதில் ஒரு பதில் இருப்பதாக நினைக்கிறேன். ஓர் ஒலி இன்ன கருவியுடையது என்று நாம் அறிவது அதன் சுருதியைக் கொண்டோ, நீண்டு நிற்கும் நாதத்தைக் கொண்டோ மட்டும் அல்ல. அது எப்படித் தொடங்குகிறது, தொடங்கியபின் எப்படி மாறுகிறது என்பதைக் கொண்டுதான் பெரும்பாலும் அறிகிறோம். என்னைப் பொறுத்தவரை இந்தப் படிப்பின் மையம் அதுவே.

16 ஜூலை, பின்னிரவு

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு எதற்கு என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969ஆம் ஆண்டிலேயே அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் துணையோடு மூக் சிந்தசைசர் என்ற மின்னணு ஒலியாக்கக் கருவி நிறுவப்பட்டு, கீதா சாராபாய், அதுல் தேசாய் போன்றவர்கள் அதில் வேலை செய்திருக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகவே இது நம் நாட்டிலும் இருக்கிறது.

17 ஜூலை, புதன்

தோல் கருவியின் ஒலியைக் கட்டுவது கம்பிக் கருவியைக் கட்டுவதைவிடக் கடினம். கம்பியில் அடிப்படை அலைவெண்ணின் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண், அலகு ஹெர்ட்ஸ்) இரு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண் வரிசையில், அதோடு சேர்ந்தெழும் மேல்சுரங்கள் அமைகின்றன. வட்டமாக இழுத்துக் கட்டிய தோலில் அப்படி அமைவதில்லை; 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாத மடங்குகளாக வருகின்றன. அதனால்தான் சாதாரணத் தோல் கருவியில் தெளிவான சுருதி எழுவதில்லை. மிருதங்கத்திலும் தபலாவிலும் தோலின் நடுவே பூசும் கறுப்புக் கரணை அந்த ஒழுங்கின்மையைச் சரிசெய்து, மேல்சுரங்களை முழு எண் வரிசைக்குக் கொண்டுவருகிறது. சர் சி. வி. ராமன் சிவகாளி குமாருடன் சேர்ந்து இதை 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1934இல் மேலும் விரிவாக எழுதினார். ஒளிச்சிதறலுக்காக மட்டுமே அவரைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்த எனக்கு, இந்த வகுப்பில்தான் அவருடைய இந்த வேலை தெரிய வந்தது. பள்ளிக்கூடத்திலேயே ஒரு மிருதங்கத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு நடத்தியிருக்க வேண்டிய பாடம் இது.

உடுக்கையில் கரணை இல்லை. எனவே அந்த ஒழுங்கற்ற மடங்குகளில் சைன் அலைகளை (மேல்சுரம் இல்லாத தனி அலைகளை) அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தேய்மானம் கொடுத்து, மேலே இருப்பவை முதலில் மறையுமாறு அமைத்தேன். கேட்டால் தோல் ஒலிதான். ஆனால் உடுக்கை இல்லை. பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துத் தட்டியதுபோல் இருந்தது.

விட்டுப்போயிருந்தது இடைக்கயிறு. உடுக்கையின் ஒடுங்கிய இடையைப் பிடித்திருக்கும் கை கயிற்றை அழுத்தும்போது, இரு பக்கத் தோலும் இறுகி ஒலி மேலேறுகிறது, விட்டால் இறங்குகிறது. அலைவெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒலி பஞ்சமம் அளவுக்கு, அதாவது ஒன்றரை மடங்கு ஏற வேண்டுமானால் தோலின் இழுவிசை 2.25 மடங்கு ஆக வேண்டும். விடிய விடிய உடுக்கை அடித்து, கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதை பாடுகிறவர்களின் இடது கைக்கு எவ்வளவு வலு வேண்டும் என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

அலைவெண்ணுக்கும் ஒரு என்வலப் கொடுத்து 180 ஹெர்ட்ஸிலிருந்து 270 வரை வளைத்தேன். அறையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

18 ஜூலை, வியாழன்

நேற்று எழுதியதோடு மிக முக்கியமான ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. காங்கேயம் பக்கம் உறவினர் ஊரில் உடுக்கடிப் பாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். லேப்டாப்பையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். நான் கட்டிய ஒலியை முழுவதும் கேட்டுவிட்டு, “அடிக்கற பக்கத்த மட்டும் செஞ்சிருக்கற அம்மணி, பின்னால என்ன பேசுதுன்னு கேட்டயா?” என்றார். தன் உடுக்கையைத் திருப்பி, அடிபடாத தோலை என் காதருகே பிடித்துக்கொண்டு மெல்ல அடித்தார். அந்தத் தோலின் குறுக்கே முடி இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. தோல் அதிரும்போதெல்லாம் முடி தோலில் பட்டுப் பட்டு ஒரு கரகரப்பு எழுகிறது. தூரத்திலிருந்து கேட்கும்போது அது தனியாகப் பிரிந்து தெரிவதில்லை. உடுக்கையின் குரலாகவே சேர்ந்துவிடுகிறது.

அதைத் தனியாகப் பதிந்து, எந்த அலைவெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரத்தில் பார்த்தேன். கரகரப்பின் பெரும்பகுதி 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை பரவியிருந்தது. அடி விழுந்த உடனே அது வருவதில்லை. பின்தோல் அதிரத் தொடங்கிய பிறகு, மிகச் சிறிய தாமதத்தோடு வருகிறது. எனவே நாய்ஸ் ஒலியை (எல்லா அலைவெண்களும் கலந்த இரைச்சலை) ஒரு ஃபில்டரில் செலுத்தி, அந்த ஃபில்டரைத் தோலின் அதிர்வே திறந்து மூடுமாறு இணைத்தேன். நாய்ஸுக்குத் தனியாக ஒரு என்வலப் கொடுத்தபோது இரண்டு ஒலிகள் அருகருகே நிற்பதுபோல் இருந்தது. தோலின் அதிர்வே அதை ஆட்டியபோது இரண்டும் ஒன்றாயின. எந்த ஒலி எந்த ஒலியால் உண்டாகிறது என்ற உறவையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது இந்த வாரத்தில் நான் கற்றவற்றில் மிகப் பெரியது.

கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கி, அண்ணன்மார் கதை பாடப்பட்டதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். கதைக்காக அதைக் கேட்பவர்கள் உண்டு. இனி நான் அதுபோன்ற பதிவுகளைக் கேட்கும்போது பின்தோலையும் தேடுவேன்.

19 ஜூலை, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம் வரை வீசுகிறது. இன்றைய வகுப்பு காற்றொலி. வெளியே மைக்கை நீட்டினால் பதிவாவது காற்றின் ஓசை அன்று. மைக்கின் சவ்வில் காற்று மோதும் தடதடப்பு. மயிர் உறை போட்டால் அது குறையும். ஆனால் காற்றுக்குச் சொந்தமாக ஓசை ஏது? பனை ஓலையும் மின்கம்பியும் தகரக் கூரையும்தான் ஒலிக்கின்றன. நாய்ஸை ஒரு குறுகிய ஃபில்டரில் விட்டு, அதை ஒழுங்கின்றி மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினால் கம்பி ஊளையிடுவது அப்படியே வருகிறது. எளிதாக முடிந்துவிட்டதால் உடுக்கைக்குத் திரும்பினேன்.

19 ஜூலை, இரவு

வேலையை வீட்டில் மாமனுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் இளம் வயதிலிருந்து விசைத்தறி ஓட்டியவர். பாவு நூல் அறுந்ததையும் நாடா சரியாகப் போய்ச் சேராததையும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஓசையில் கண்டுகொள்வார். முடியின் கரகரப்புடன் ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை கேட்கச் செய்தேன். இரண்டும் ஒன்றுதானே என்றார். மறுபடியும் போட்டேன். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் குறைவு முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அருகில்தான் தாக்கும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். கரகரப்பு இருப்பதும் அந்த இடத்தில்தான். 85 டெசிபலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்பது பல நாடுகளில் கையாளப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்ற கணக்கின்படி, 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான் இருக்கலாம். தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டும்; அங்கே முழு நாளும் நிற்கிறார்கள். காதடைப்பான் ஒன்றும் பெரிய விலை இல்லை. தறி வைத்திருக்கும் உறவுக்காரர்கள் நான் இங்கே எழுதுவதைப் படித்தால் தயவுசெய்து வாங்கிக் கொடுங்கள். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். மைக் செட்காரர்களுக்கும் இதையே சொல்வேன், ஐயா.

20 ஜூலை, சனி

கோபிசெட்டிபாளையம் ஐயா எழுதிய இரண்டு செய்திகள் என்னை யோசிக்க வைத்தன. ஒன்று, குழாய் ஸ்பீக்கரில் கீழ்ச்சுரம் எதுவும் வராது, இருந்தும் அரை மைல் தள்ளியிருப்பவருக்குக்கூட அது உடுக்கை என்று தெரிந்துவிடுகிறது என்பது. உடனே என் ஒலியில் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை எல்லாம் ஃபில்டரால் நீக்கிக் கேட்டேன். அடிப்படை அலைவெண்ணே போய்விட்டது, ஆனாலும் உடுக்கைதான். மேல்சுரங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து வளைவதைக் காது பிடித்துக்கொள்கிறது. வளைவை நிறுத்திவிட்டு முழு ஒலியையும் கேட்டால், கீழ்ச்சுரம் அத்தனையும் இருந்தும் உடுக்கை இல்லை. மணிக்கு அடையாளம் தொடக்கத்தில் இருந்தது என்றால், உடுக்கைக்கு அது வளைவில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நான் தொடக்கத்துக்குக் கொடுத்த அழுத்தத்தை, கருவிக்குக் கருவி பிரித்துத்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, கீபோர்டின் இடது பக்கத்தில் சுருதியை வளைக்கும் சக்கரம் இருக்கிறதே, அதைக் கொண்டு கயிற்றழுத்தத்தைச் செய்ய முடியாதா என்ற கேள்வி. முடியும். மின்னணு இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப 1983இல் வந்த மிடி முறையில் அடியின் வேகத்துக்கு 0 முதல் 127 வரை 128 படிகள். வளைவுச் சக்கரத்துக்கு 16,384 படிகள். வழக்கமாக அது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் மட்டுமே போகும்; பஞ்சமம் வேண்டுமானால் ஏழு அரைச்சுரமாக மாற்றிக்கொள்ள வேண்டும். பொத்தானோடு சக்கரத்தையும் உருட்டிப் பழகினால் பொத்தான் மட்டும் அழுத்துவதைவிடப் பல மடங்கு உயிர் வரும். உங்கள் ஊர்க் கீபோர்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஆனால் சக்கரம் பதிவை மொத்தமாக வளைக்கிறது. முடியின் கரகரப்பும் சேர்ந்து மேலேறிவிடுகிறது. என் பதிவில் தோல் ஏறும்போது கரகரப்பு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தது.

20 ஜூலை, மாலை

மணியையும் தோலையும் எதிரெதிராக வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். இன்று எஃப்எம் முறையைப் படித்தபோது இரண்டும் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று தெரிந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967இல் கண்டறிந்து 1973இல் கட்டுரையாக வெளியிட்ட முறை அது. யமஹாவின் டிஎக்ஸ்7 கீபோர்டு வழியாக 1983இல் உலகம் முழுவதும் பரவியது. ஓர் அலையின் அலைவெண்ணை இன்னோர் அலை மிக வேகமாக ஆட்டினால் புதிய மேல்சுரங்கள் கொத்தாகப் பிறக்கின்றன. சௌனிங் தம் கட்டுரையில் மணிக்கு 200 ஹெர்ட்ஸையும் 280 ஹெர்ட்ஸையும் எடுத்துக்கொள்கிறார். தோல் கருவிக்கும் அதே 200, அதே 280. மணி 15 நொடி ஒலித்துத் தேய்கிறது. ஆட்டத்தின் அளவு 10இலிருந்து தொடங்குகிறது. தோல் 0.2 நொடியில் முடிந்துவிடுகிறது. ஆட்டத்தின் அளவு 2 மட்டுமே. இரண்டையும் நானே கட்டிக் கேட்டேன். ஒரே இரண்டு எண்களிலிருந்து கோயில் மணியும் கொட்டும் வருகின்றன. காலத்தில் அவை நடக்கும் நடைதான் வேறு. வாரம் முழுவதும் சொல்ல முயன்றதை அவர் எப்போதோ ஒரு பக்கத்தில் சொல்லி முடித்திருக்கிறார்.

21 ஜூலை, ஞாயிறு

நாளை ஒப்படைக்க வேண்டும். ஐயா தம் பேத்தியிடம் காட்டுவதற்காக எண்களைக் கேட்டிருந்தார். தோலுக்கு ஐந்து சைன் அலைகள், 180 ஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொண்டு 1, 1.59, 2.14, 2.30, 2.65 மடங்குகளில். அடிப்படை தேய கால் நொடி. மற்றவை ஒன்றுக்கொன்று குறைவாக. வளைவு 270 வரை ஏறி இறங்க வேண்டும். ஏற்றம் நேர்கோடாக இல்லாமல் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இருந்தால் கையின் அழுத்தம்போல் இருக்கும். கரகரப்பு 4,000 ஹெர்ட்ஸை நடுவாகக் கொண்ட நாய்ஸ். திறந்து மூடுவது தோலின் அதிர்வு. அடியின் வலு கூடினால் கரகரப்பும் கூட வேண்டும்.

பேத்தியைச் சேர்த்துவிடுங்கள், ஐயா. ஸ்பீக்கர் முன்னால் நின்று வளர்ந்த காது அவளுக்கு இருக்கும். கணக்கு பிறகு வந்துவிடும்.

இதில் இன்னும் செய்யாதது, இரண்டு தோல்களுக்கும் இடையே உள்ள காற்று. முன்தோல் தள்ளும் காற்று பின்தோலைச் சேர்வதற்கு, உடுக்கை 25 சென்டிமீட்டர் நீளம் என்றால், ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போவதால் 0.73 மில்லிநொடி ஆகும். 48 கிலோஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 35 சாம்பிள், அதாவது ஒலியை அளக்கும் 35 தடவை. பியூர் டேட்டா 64 சாம்பிள்களைக் கட்டாகச் சேர்த்துத்தான் கணக்கிடும். ஒலி திரும்பி வந்து மறுபடி உள்ளே போகும் சுற்றில் அதற்குக் குறைவான தாமதம் கிடைக்காது. அந்தப் பகுதியை மட்டும் தனி உள்பக்கமாகப் பிரித்து, கட்டின் அளவை 1 என்று மாற்றினால் 35 கிடைக்கும். கணினிக்கு வேலை கூடும், பழைய லேப்டாப் தாங்குமா என்று பார்க்க வேண்டும். இன்றிரவு அதைத்தான் செய்யப் போகிறேன். இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால், பின்தோலிலிருந்து திரும்பும் ஒலியை எவ்வளவு குறைத்து முன்தோலுக்கு விட்டீர்கள் என்று எழுதுங்கள்.